பாட்டு டீச்சர் இல்லாத பள்ளிக்கூடம்

செய்யாறு பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் தலைமை ஆசிரியரோடு சேர்த்து நாங்கள் இரண்டு பேர்தான். ஓவிய ஆசிரியர், பாட்டு டீச்சர், ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஒருவர் என்று யாரும் கிடையாது. எங்கள் ஊரில் மட்டும் இந்தக் குறை என்று நினைக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதில் வருவது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் அந்த நடுநிலை வகுப்புகளுக்குத்தான் எடுத்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை தமிழும் கணக்கும் நடத்துகிறவரே பாட்டும் படமும் நடத்த வேண்டும்.

நடத்த முடியும் என்பது என் கட்சி. அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் செய்ய வேண்டும். நன்றாகப் பாடுகிறவள், நன்றாக வரைகிறவன் என்று நாலு பேரைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றவர்களைக் கைதட்ட வைப்பதற்குப் பெயர் கலைக்கல்வி ஆகாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "ஒரு பாட்டுப் பாடு" என்றால் பாடிவிடும். அதே பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் "எனக்கு வராது" என்கிறது. இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் யாரோ ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

முதலில் படம். "இயற்கைக் காட்சி வரை" என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணமாக இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கி வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், மேலே நாலு பறவை. எங்கள் ஊர் ஏரிப் பாசனத்து ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. ஜவ்வாது மலையைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். இருந்தும் எல்லா நோட்டிலும் அந்த மலைகள் இருக்கும். பார்த்து வரைந்த படமாக இருந்தால் அங்கே பனைமரம் அல்லவா நிற்க வேண்டும்?

அதனால் ஏரிக்கரைப் பனைக்குக் கூட்டிப்போனேன். உடனே வரையச் சொல்லவில்லை. என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். அடிமரம் கறுப்பு, அதில் வளையம் வளையமாகத் தழும்பு. கொண்டைக்குக் கீழே காய்ந்து தொங்கும் காவோலை. ஒரு மரத்தில் நுங்குக் குலை, பக்கத்து மரத்தில் அது இல்லை, வால் வாலாக வேறு ஏதோ தொங்குகிறது. ஆண்பனை, பெண்பனை என்று ஒரு நாலாம் வகுப்புப் பையன் எனக்கே விளக்கினான். "ஓலை விசிறி மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கு டீச்சர், தென்னை மாதிரி இல்ல" என்று இன்னொரு பிள்ளை. அப்புறம் வகுப்புக்கு வந்து வரைந்தோம்.

செயல்வழிக் கற்றல் காலத்தில் வகுப்பறைச் சுவரின் அடியில், பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுத, சுற்றிலும் கரும்பலகை பூசினார்கள். பல பள்ளிகளில் அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். எங்கள் பள்ளியில் இன்னும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு கட்டம். தவறானால் அழிக்கலாம், காகிதம் வீணாகுமே என்ற பயம் இல்லை. அரசு தரும் கிரேயானும் கலர் பென்சிலும் அதற்கு அடுத்த கட்டம்தான். செங்கல் தூள், அடுப்புக்கரி, மஞ்சள், கசக்கிய அவரை இலை இவற்றை வைத்தே ஒரு பருவம் முழுக்க ஓட்டலாம்.

ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை. போர்டில் நான் வரைந்து "இதைப் பார்த்துப் போடு" என்று சொல்ல மாட்டேன். ஆறேழு வயதில் பிள்ளைகள் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு வீடு, மரம், ஆள் எல்லாவற்றையும் அதன் மேல் நிறுத்துவார்கள். வானம் மேலே ஒரு பட்டையாக இருக்கும், நடுவில் வெறுமை. வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே சமைக்கிற அம்மா தெரிவார். பசுமாடு வீட்டைவிடப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் அந்த வீட்டில் மாடுதான் முக்கியம். கலைக்கல்வி ஆய்வாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் போன்றவர்கள் உலகமெங்கும் பிள்ளைகளின் படங்களில் கண்டு எழுதிய படிநிலைகள் இவை. இதைத் தெரிந்துகொண்டால் "மாடு இவ்வளவு பெரிசா இருக்குமா?" என்று கேட்டு அந்தப் பிள்ளையின் கையை நிறுத்த மனம் வராது.

கோலத்துக்குத் தனியாக ஒரு மாதமே ஒதுக்கலாம். எங்கள் வகுப்பில் பையன்களும் போட வேண்டும். ஆரம்பத்தில் வெட்கப்பட்டார்கள், ஒரு பையனின் பாட்டிகூட என்னிடம் வந்து விசாரித்தார். சிக்குக் கோலத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. 3 புள்ளி, 3 வரிசை வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் பாய் முடைவது போல இழை ஓட்டினால் மூன்று தனித்தனி இழை வேண்டியிருக்கும். 3 புள்ளி, 4 வரிசை என்றால் ஒரே இழையில் எல்லாப் புள்ளியையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். 2க்கு 2 என்றால் இரண்டு இழை, 2க்கு 3 என்றால் ஒன்று. இதைப் பிள்ளைகள் தரையில் விரல் வைத்து ஓட்டி ஓட்டித் தாங்களே கண்டுபிடித்தார்கள். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் இழைகளின் எண்ணிக்கை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. 1970களிலேயே தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் மற்றவர்களும் கோலத்துக்கு மொழிக்கு இருப்பது போன்ற இலக்கணம் வகுத்து ஆராய்ந்தார்கள். பெருமையான விஷயம். ஆனால் கோலம் போடுகிற நேரம் கோலத்துக்கே இருக்கட்டும். இப்போதெல்லாம் பயிற்சிக்குப் போனால் பாட்டு பெருக்கல் வாய்ப்பாட்டுக்காக, படம் அறிவியலுக்காக, ஆட்டம் இலக்கணத்துக்காக என்றே சொல்கிறார்கள். அப்படியும் செய்யலாம், நானும் செய்கிறேன். எப்போதும் வேறொரு பாடத்துக்கு வேலைக்காரியாக மட்டும் கலையை வகுப்புக்குள் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாட்டுக்கு வருவோம். "எனக்குக் குரல் இல்லையே" என்று தயங்கும் இளம் ஆசிரியர்களுக்கு: சங்கீதம் தேவையில்லை, சுருதி மட்டும் கவனியுங்கள். நமக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் ஆரம்பித்தால் பிள்ளைகள் உறுமுவார்கள் அல்லது கத்துவார்கள். அவர்களின் குரல் நம்முடையதைவிட மேலே இருக்கிறது. கொஞ்சம் ஏற்றிப் பிடித்தால் அத்தனை பேரும் ஒரே குரலில் வந்து சேர்வார்கள். கைப்பேசியில் தம்புரா செயலி ஒன்று வைத்திருக்கிறேன், அது போதும். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி எல்லாம் ஐந்தாறு ஸ்வரத்துக்குள் அடங்குபவை. சின்னக் குரலுக்கு ஏற்றவை. சினிமாப் பாட்டின் சரணம் எங்கெங்கோ ஏறும், பிள்ளை பாதியில் விட்டுவிடும்.

தாளத்தைக் காய்கறியில் தொடங்கினோம். அவரை என்றால் தகிட, மூன்று. கத்திரிக்காய் என்றால் தகதிமி, நாலு. வெண்டை அவரை, தக தகிட, ஐந்து. அவரை கத்திரிக்காய், தகிட தகதிமி, ஏழு. வாயால் சொல்லி, கையால் தட்டி, அப்புறம் வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும். பாதி வகுப்பு மூன்றும் பாதி வகுப்பு நாலும் தட்டி எங்கே சேர்கிறோம் என்று பார்ப்பதில் அவர்களுக்கு அலுப்பே வராது. இதற்கு ஒரு கருவியும் வாங்க வேண்டாம்.

ஆட்டத்துக்கு எங்கள் பகுதி கொடுத்துவைத்த பகுதி. கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் மண்ணில் பெரிதாகத் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் அதையெல்லாம் உடம்பில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். இடைவேளையில் பார்த்தால் தெரியும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கி வைத்து ஒரு சுற்று. மரத்தடியில் களிமண் துரியோதனன் படுத்திருப்பான். இதைக் கண்முன்னே வைத்துக்கொண்டு, யூடியூபைப் பார்த்து எதையோ ஆடப் பழக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா கூத்தாடுகிறவர். மற்ற நாளில் விவசாயம். "அண்ணா, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் வந்து அடவு சொல்லித் தர முடியுமா?" என்று கேட்டேன். "பசங்க படிப்பு கெட்டுப்போகும்னு யாரும் சொல்ல மாட்டாங்களா டீச்சர்?" என்று அவர் தயங்கினார். வந்த பிறகு முதல் நாள் முழுக்க நடை மட்டும்தான். ராஜா எப்படி நடப்பான், கோமாளியாக வரும் கட்டியங்காரன் எப்படி நடப்பான், சோகத்தில் இருக்கிற திரௌபதி எப்படி நடப்பாள். கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது பழைய வழக்கம். எங்கள் வகுப்பில் அவருடைய மகளே துரியோதனனாக நடந்து காட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளுடைய முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கி நிற்கவைத்துவிட்டுப் போனார்.

பறைக்கு இவ்வளவு எளிதில் வழி கிடைக்கவில்லை. "பள்ளிக்கூடத்துல சாவு மோளம் எதுக்கு?" என்று சிலர் கேட்டார்கள். எனக்கு வேறொரு யோசனையும் இருந்தது. ஊர்ச் சேரியிலிருந்தே ஒருவரை அழைத்து அடிக்கச் சொன்னால், பழைய கட்டளையை நாமே இன்னொரு முறை இட்டதாக ஆகிவிடாதா? அந்தக் காரணத்துக்காகவே பறையைக் கையால் தொடுவதை விட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முடிவு நியாயமானது. அதனால் பறையைக் கலையாகக் கற்று மேடையில் ஆடும் ஓர் இளைஞர் குழுவை வெளியிலிருந்து அழைத்தோம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கையில் எடுக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, இறுக்கம் ஏறியதும் குரல் மாறுவதைக் கேட்டார்கள். அடிகுச்சி ஒரு கை, மெல்லிய நீளக் குச்சி மறு கை. தகிட ஏற்கெனவே தெரியும் என்பதால் கை தானாகப் பிடித்துக்கொண்டது. 2025 ஜனவரியில் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், எங்கள் பக்கத்துப் புரிசையைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் ஒரே பட்டியலில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். செய்தித்தாளை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன்.

அரசின் கலைத் திருவிழா 2022-23இல் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கி, பிறகு தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. மகிழ்ச்சிதான். அரசுப் பள்ளிப் பிள்ளை மாவட்ட மேடையில் நிற்பது சின்ன விஷயமா? ஆனால் போட்டி என்றால் தேர்வு, தேர்வு என்றால் மீதிப் பேர் வெளியே. ஆண்டு விழாவும் அப்படித்தான். ஒரு மாதம் ஆறு பேருக்கு ஒத்திகை, மற்றவர்கள் வகுப்பில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஆண்டு விழாவில் பள்ளி முழுவதும் வட்டமாக நின்று கும்மி அடிக்கும். சரியாகக் குனியாத பிள்ளையும், எதிர்ப்பக்கம் திரும்புகிற பிள்ளையும் அதில் இருக்கும். பெற்றோர் யாரும் குறை சொன்னதில்லை, அவரவர் பிள்ளை ஆடுகிறதே.

இந்த ஆண்டு முகவீணை என்ற சின்ன ஊதுகருவி வாசிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்திருக்கிறோம். கூத்துக் குழுக்களில் முகவீணை வாசிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், நிறைய இடங்களில் ஆர்மோனியம் மட்டும்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் வைத்த ஒரே கோரிக்கை, அவருக்குப் பஸ் காசும் சாப்பாடும் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது, ஓர் இரவுக் கூத்துக்கு வாங்குகிற அளவு சம்பளம் தர வேண்டும் என்பது. பள்ளி மானியத்தில் அதற்குத் தலைப்பு இல்லை. உறுப்பினர்களும் ஊர்க்காரர்கள் சிலரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தத் தொகையைச் சேர்த்திருக்கிறார்கள். கூத்துக் குழுவின் தேதிகள் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.