இறங்கத் தெரிந்த பிள்ளை

உயரத்திலிருந்து தொங்கும் துணியில் ஏறி வித்தை செய்யும் ஏரியல் சில்க் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எவ்ளோ உயரம் ஏறுவா?" என்றுதான். முதல் மாதத்துக்கு எங்கள் பதில் நாலடி. கால் தரையை விட்டு நாலடி போனதும் தானாக இறங்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிக நேரம் கொடுக்கிறோம். ஏறும்போது பிள்ளையின் கண் மேலே இருக்கும். இறங்கும்போதுதான் கீழே பார்க்கிறது, பயமும் அப்போதுதான் வருகிறது.

ஏறும் முறை எளிது. தொங்கும் துணியை ஒரு காலில் ஒருமுறை சுற்ற வேண்டும். பாதத்தின் மேல் வந்து விழும் துணியை மற்றப் பாதம் மேலிருந்து மிதித்து அழுத்தும். உடம்பின் பாரம் அந்த மிதியில் நிற்கும், கை பிடிமானத்துக்கு மட்டும். இறங்க வேண்டுமானால் மிதியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கைக்குக் கீழே மறு கையை வைத்து வரவேண்டும். பயந்த பிள்ளை இதைத் தலைகீழாகச் செய்யும்: மிதியை விட்டுவிட்டுக் கையை இறுக்கும். முழங்கை மடங்கியே இருப்பதால் அரை நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். பிறகு ஒரே சறுக்கல்தான். உள்ளங்கையும் முழங்காலின் பின்பக்கமும் தேய்ந்து எரியும். "கை எரியுதுக்கா" என்று ஒரு பிள்ளை சொன்னால் தப்பு காலில் இருக்கிறது.

நடுவில் உறைந்துபோகும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விரல் முட்டிகள் வெளுத்து, கன்னம் துணியோடு ஒட்டி, மூச்சு அடங்கியிருக்கும். கீழிருந்து "பயப்படாத, பயப்படாத" என்று நாலு பேர் கத்துவது வீண். ஒருவர் மட்டும் பேச வேண்டும். குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, "என் கைய மிதி" என்றால் போதும். பாரம் காலுக்கு வந்ததும் கை தானே தளரும். அடுத்து ஒன்று முதல் பத்து வரை சத்தமாக எண்ணச் சொல்கிறோம், எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. எண்ணும் குரல் நின்றால் மூச்சும் நின்றிருக்கிறது என்று அர்த்தம். "இறங்கணும்" என்று பிள்ளை சொல்லிவிட்டால் இன்னும் ஒரு அடி என்று கெஞ்சுவதில்லை. கேட்டவுடன் இறக்கிவிட்ட பிள்ளைதான் அடுத்த முறை தானே முன்வந்து நிற்கிறது.

செய்துகாட்ட வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளையை அனுப்புவது பழைய பழக்கம், எங்களுக்கு உடன்பாடில்லை. போன வாரம் தடுமாறி இந்த வாரம் இறங்கிய, அதே உயரமுள்ள பிள்ளையை அனுப்பினால் மற்றவை நம்பும். தான் செய்து முடித்ததும், தன்னைப் போன்றவர் செய்யப் பார்த்ததும் தன்னம்பிக்கையை வளர்க்கும் என்று 1977-ல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் எழுதினார். வெறும் பாராட்டுக்கு அவ்வளவு பலம் இல்லை. அதனால் "சூப்பர்" என்பதைவிட, "இன்னிக்கு மூணு தடவையும் மிதி நழுவல" என்று சொல்வது மேல்.

வடசென்னையில் கயிறும் இரும்பும் புதிதல்ல. காசிமேட்டில் படகுக்கு வாங்கும் நைலான் கயிறையும் சாக்கிள் என்ற இரும்பு வளையத்தையும் வைத்தே துணியைக் கட்டிவிடலாமே என்று நல்லெண்ணத்தில் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். எத்தனை பாரம் தாங்கும் என்று முத்திரை இல்லாத இரும்பை நம்பக் கூடாது. துணியை மாட்டும் காரபினர் கொக்கியில் 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருந்தால் சுமார் 2,200 கிலோ. 30 கிலோ பிள்ளைக்கு இது எதற்கு என்று தோன்றும். சட்டென்று விழுந்து நிற்கும்போது இழுவிசை எடையைப் போலப் பல மடங்காகும், உப்புக்காற்றும் இரும்பைத் தின்னும். ஷீட் கூரையின் ஆங்கிளிலோ, திருவிழாப் பந்தலின் சவுக்குக் கட்டையிலோ துணியைத் தொங்கவிடவே கூடாது. சௌகார்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் சாட்டினும் உதவாது, வழுக்கும். பின்னல் முறையில் செய்த நைலான் டிரைகாட் துணிதான் வேண்டும். கீழே 20 சென்டிமீட்டர் மேட்.

கொலுசு, வளையல், ஜிமிக்கி கழற்றச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அரைஞாண் கயிறு என்றால்தான் பாட்டிமார்களுக்கு மனசு வராது. வெள்ளியானால் கழற்றியே ஆகவேண்டும், இடுப்பில் துணி சுற்றும்போது தோலைக் கிழிக்கும். கறுப்புக் கயிறானால் லெகிங்ஸுக்குள் அகலப் பட்டி கட்டி அமுக்கிவிடலாம். பெண் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை லெகிங்ஸும் போதும். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிடும் வீடுகளோடு பேச இந்த உடுப்பு கொஞ்சம் உதவுகிறது, எப்போதும் அல்ல.

மேடைக்கு இரண்டு நிமிடம் போதும், அதுவும் வகுப்பில் ஏறும் உயரத்தைவிடக் குறைவாக. கடைசி மாதத்தில் கற்ற எதையும் மேடையில் சேர்ப்பதில்லை. உருண்டு விழும் 'டிராப்' ஒன்றாவது வேண்டும் என்று விழா நடத்துபவர்கள் கேட்பார்கள், மறுத்துவிடுகிறோம். நம்ம ஊர்க் கூட்டம் விசில் அடிக்காமல் இருக்காது. அதனால் ஒத்திகையில் மற்ற பிள்ளைகளை விசிலடிக்க வைத்து, பாட்டையும் பாதியில் நிறுத்திப் பார்க்கிறோம். பாட்டு நின்றும் எண்ணிக்கையை விடாமல் முடித்துவிட்டு இறங்கும் பிள்ளை மேடைக்குத் தயார்.

தைரியம் வந்த பிறகுதான் வேறொரு ஆபத்து. வீட்டில் தூளிக் கொக்கியில் அம்மாவின் புடவையைக் கட்டிச் சுற்றிப் பார்க்கத் தோன்றும். கழுத்தில் சிக்கினால் இறக்கிவிட ஆள் இருக்காது. இதை முதல் நாளே பெற்றோரிடமும் பிள்ளையிடமும் சேர்த்துச் சொல்கிறோம். கழித்துப்போட்ட துணியை, "கெட்டியா கீதே, தூளிக்காச்சும் குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. முழுசாகக் கொடுப்பதில்லை. ஒரு முழத் துண்டுகளாக வெட்டி, மேட் துடைக்க வைத்துக்கொள்கிறோம்.