ஹட்டனில் ஒரு கறுப்புப் போத்தல்

இலங்கை மலையகத்தில் இருக்கும் ஹட்டனுக்கு மருமகளாக வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் என் வாயில் 'பாட்டில்' என்றுதான் வருகிறது. மாமியார் விடமாட்டார். "போத்தல் என்று சொல்லு பிள்ளை" என்பார். கோத்தகிரியில் என் பாட்டி சாகும்வரை போத்தல் என்றுதான் சொன்னார். அங்கே அந்தச் சொல்லுக்காகவே அவரைக் கேலி செய்தார்கள். திண்ணையை இஸ்தோப்பு என்பார், ரொட்டிக் கடையில் பாண் கேட்பார். சின்ன வயதில் அவரோடு கடைக்குப் போக எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது அந்தச் சொற்களையெல்லாம் பிறத்தியார் வாயிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

தாத்தா பிறந்தது நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரித்தபோது எங்கள் குடும்பம் முதல் கணக்கில் விழுந்தது. 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வந்து நின்றார்கள். மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து. ஊரார் எங்களுக்கு வைத்த பெயர் சிலோன்காரர்கள். நான் கல்லூரி முடித்து, குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தின் சுவைப்பு அறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், "அந்த சிலோன்காரப் பொண்ணு" என்றே அடையாளம் சொன்னார்கள். பாட்டியின் அண்ணன் வீட்டு வழியில் சம்பந்தம் வந்து, விமானமேறி இங்கே இறங்கினேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் மாமியாரிடம் விசாரித்தது காதில் விழுந்தது: "இந்தியாக்காரப் பிள்ளை எழும்பிட்டாவா?"

குளிர் எனக்குப் பழக்கம்தான். கோத்தகிரி ஹட்டனைவிட உயரம். ஆனால் மழை பழகவில்லை. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை; இங்கே மே மாதத்தில் பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் விடாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணி காயப்போடுகிறோம், எல்லாச் சேலையிலும் புகை வாசனை. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேலையில்லாத நாக்கு. என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது கோப்பை உறிஞ்சித் துப்பிய வாய்க்கு இங்கே சாப்பிடுவதும் பேசுவதும் தவிர வேறு தொழில் கிடையாது. கணவர் பாக்டரியில் டீமேக்கர், கொழுந்தைத் தேயிலையாக்கும் வேலைக்குப் பொறுப்பானவர். எப்போதாவது காகிதத்தில் இரண்டு மாதிரி மடித்துக்கொண்டு வந்து, "எது ட்ரையரில் கூடுதலாக நின்றது, சொல் பார்ப்போம்" என்பார். நான் சொல்லிவிடுவேன். அவர் சிரித்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். அத்தோடு அன்றைய உத்தியோகம் முடிந்தது.

போன ஜனவரியில் கொழுந்தன் லண்டனிலிருந்து வந்தான். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பக்கத் தேயிலைக்கு நல்ல பருவம்; காய்ந்த குளிர்காற்றில் கொழுந்துக்குத் தனி மணம் ஏறும். அதனால் கணவர் வீட்டில் தங்குவதே அபூர்வம். கொழுந்தன் எனக்கென்று தனியாக ஒரு பொதி எடுத்து வைத்தான். உடுப்பு என்று நினைத்தேன். காலுறைக்குள் சுற்றிய கறுப்புப் போத்தல். லேபிளில் கிரீடம், அதன் கீழே இரட்டைத் தலைக் கழுகு, 'ரஷ்யன் இம்பீரியல் ஸ்டௌட்', கறுப்பு பியர், மது 10 சதவீதம்.

"அண்ணி, நீங்கள் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஆளாளுக்குக் கோப்பி என்கிறான், சாக்லேட் என்கிறான். எனக்குக் கரிதான் தெரிகிறது."

வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. இந்த வீட்டில் சாராயப் போத்தல் வாசல்படி தாண்டியதில்லை. மாமியாருடைய தகப்பனார் சம்பள நாளில் தவறணைக்கு, அதாவது மதுக்கடைக்கு, நேரே போய், அங்கிருந்து யாராவது தூக்கிவந்து போடும் ஆளாக இருந்தவர். ஐந்து பிள்ளைகளுக்கும் அந்த மாதத்து அரிசியை அம்மா எப்படித் தேடினார் என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்குமேல் நானும் கேட்டதில்லை. தோட்டத்தில் குடி என்பது யாரும் மேசையில் வைத்து வர்ணிக்கும் விஷயமல்ல. அது பக்கத்துக் காம்பராவில் கேட்கும் சத்தம். பெண் குடிப்பது என்ற பேச்சே கிடையாது. சட்டமும் அப்படித்தான். இந்த நாட்டில் பெண்களுக்கு மது விற்பதை 1979இல் ஒரு வர்த்தமானி அறிவித்தல் தடை செய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார், சில நாள்களிலேயே ஜனாதிபதி தலையிட்டுப் பழையபடி ஆக்கிவிட்டார்.

வழி கண்டுபிடித்தவர் மாமா. முப்பது வருடம் பாக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போய், ஓரம் உடைந்த வெள்ளைச் சுவைப்புக் கோப்பைகள் நான்கையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் எடுத்து வந்து வைத்தார். "பிள்ளை குடிக்கப் போவதில்லை. அவள் தொழில்காரி. உறிஞ்சுவாள், துப்புவாள்." மாமியார் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துப்புவதைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருப்பேன்" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒப்பிட ஒன்று இல்லாமல் எதையும் சுவைக்கக் கூடாது என்பது நான் படித்த முதல் பாடம். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, மதுக்கடைகள் பூட்டிவிடும் என்று கொழுந்தன் டவுனுக்கு ஓடி ஒரு லயன் ஸ்டௌட் வாங்கி வந்தான். இதுவும் லேசுப்பட்டதல்ல, 8.8 சதவீதம். எங்கள் மலையின் சரக்கு என்றே சொல்லலாம். அந்த நிறுவனத்தின் வேர் நுவரெலியாவில் இருக்கிறது. குளிரும் ஊற்றுநீரும் இருந்ததால் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே பியர் காய்ச்சினார்கள். இப்போது ஆலை கீழே கொழும்புப் பக்கம் பியகமவுக்குப் போய்விட்டது. மைக்கேல் ஜாக்சன் என்று இங்கிலாந்தில் ஒரு பியர் எழுத்தாளர் இருந்தார் (பாடகர் வேறு). அவர் இந்த ஸ்டௌட்டைத் தேடி இலங்கைக்கே வந்து, புகழ்ந்து எழுதி, உலகத்துக் காதில் போட்டுவிட்டார்.

கொழுந்தன் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப் போனான். வேண்டாம் என்றேன். இந்த வகையை 12, 13 பாகையில் குடிப்பது முறை, மிகவும் குளிர்ந்தால் வாசனை மூடிக்கொள்ளும் என்று லேபிளிலேயே போட்டிருந்தது. ஜனவரி இரவில் எங்கள் சமையலறை அந்தக் கணக்குக்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஊற்றும்போதே வித்தியாசம் தெரிந்தது. லயன் கலகலவென்று விழுந்து நுரைத்தது. மற்றது வண்டி எண்ணெய் போல் மெதுவாக இறங்கியது. நுரை வெள்ளையில்லை, பழுப்பு. சற்றுநேரம் நின்று அடங்கிவிட்டது. மாமா கோப்பைக்குப் பின்னால் டோர்ச் பிடித்தார். பீங்கான் கோப்பைக்குப் பின்னால் டோர்ச் பிடித்து என்ன பயன் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் வாயில் நான் அவமானப்பட்டேன். தேயிலை உறிஞ்சுவது போல் காற்றோடு சேர்த்துச் சத்தமாக இழுத்தேன். வாயு அடைத்த பானத்தை அப்படி இழுக்கக் கூடாது. நுரை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாளிக்குள் துப்பியதைவிட மேசையில் துப்பியது அதிகம். மாமியாருக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

கோப்பையைச் சுழற்றி, வாயுவை விரட்டிவிட்டு, இரண்டாவது வாய். முதலில் வந்தது கசப்பு. ஆனால் ஒரு கசப்பல்ல, இரண்டு. ஒன்று வறுத்த தானியத்தின் கசப்பு, நாக்கின் நடுவில் கரியைப் போல் உட்காருவது. இன்னொன்று பியரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு, பக்கவாட்டில் பச்சையாக, வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல். தேயிலையில் எங்களுக்குப் பழக்கமானது துவர்ப்பு. ஈறைப் பிடித்து இழுக்கும். இதில் அது கொஞ்சம்தான். கசப்புக்குப் பின்னால் இனிப்பு, கனமாக, நாக்கை மெத்தையில் படுக்கவைப்பதுபோல். அதற்கும் பின்னால் காய்ந்த திராட்சை. துப்பிய பிறகு தொண்டையில் ஒரு சூடு. பத்து சதவீதம் அங்கேதான் கையெழுத்துப் போடுகிறது. லயன் இதன் பக்கத்தில் இளைய தம்பி. இனிப்புக் கூட, சாக்லேட் கூட, கசப்பு சீக்கிரம் எழுந்து போய்விடுகிறது. உண்மையைச் சொன்னால் தினம் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு லயன்தான் தோதாகப்படும். மற்றதற்கு முன்னால் மரியாதையாக உட்கார வேண்டியிருக்கிறது.

என்னைக் குழப்பியது வேறொன்று. எங்கள் தொழிலில் சூடு கூடிய தேயிலை குற்றம். ட்ரையரில் கொஞ்சம் தவறினால் கோப்பையில் கருகல் வரும், அந்தப் பெட்டிக்கு விலை விழும், டீமேக்கருக்கு மேலிடத்திலிருந்து ஏச்சு வரும். இங்கேயோ கருகலைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பார்லியை முளைக்கவிட்டுக் காயவைத்து, அதில் ஒரு பங்கை 200 பாகைக்கு மேல் உருளைக்குள் போட்டுக் கறுக்க வறுக்கிறார்கள். அப்படிக் கருகாமல் கறுக்கவைக்கும் உருளைக்கு டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கியது 1817இல். கரியாவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துவதுதான் வித்தை. மாமாவுக்கு இதைச் சொன்னபோது, "நம் ட்ரையரில் நின்ற பையன்களை அங்கே அனுப்பியிருக்கலாம், ஒரு நொடி பின்னால்தான் நிறுத்துவான்கள்" என்றார்.

"ரஷ்யாக்காரன் காய்ச்சியதா?" என்று மாமியார் கேட்டார். இல்லை. இதை ஊருக்குப் போகுமுன் கொழுந்தன் அரைகுறையாகச் சொன்னான். பிறகு நானே தேடிப் படித்தேன். 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் சதர்க்கில் த்ரேல் என்பவருடைய ஆலையில் காய்ச்சியது. 1781இல் அது பார்க்ளே பெர்கின்ஸ் கைக்கு மாறியது. பால்டிக் கடல் வழியாக ரஷ்ய அரண்மனைக்குப் போனது. 1796இல் ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர், ரஷ்யப் பேரரசிக்கென்றே காய்ச்சிய போர்ட்டர் என்ற கறுப்பு பியரைக் குடித்ததாகவும் அது ஏழு வருடம் கெடாதென்று சொன்னார்கள் என்றும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பேரரசி என்றால் இரண்டாம் கேத்தரின். பிற்காலத்தில் லெ கோக் என்ற வணிகர் இந்த ஏற்றுமதியில் பேர் எடுத்தார். 1869இல் பால்டிக்கில் மூழ்கிய ஒலிவா என்ற கப்பலிலிருந்து அவர் பெயர் பொறித்த போத்தல்களை 1974இல் சுழியோடிகள் எடுத்தார்கள். தாத்தா கப்பலேறிய அதே வருடம்.

"ரஷ்யக் குளிரில் உறையக் கூடாது என்றுதான் இவ்வளவு காட்டமாகக் காய்ச்சினார்கள் அண்ணி" என்றான் கொழுந்தன். இந்தக் கதையை நான் நம்பவில்லை. கடல் உறைந்து கிடக்கும் மாதங்களில் கப்பல் எப்படிப் போகும்? காட்டமும் ஹாப்ஸும் நீண்ட நாள் கெடாமலிருக்க உதவும், அது சரி. உறைவது கதை சொல்பவர்களுக்குப் பிடித்த பகுதி.

மாமா வேறு யோசனையில் இருந்தார். "லண்டனில் காய்ச்சி ரஷ்யாவுக்குப் போனதால் ரஷ்யன். அப்படிப் பார்த்தால் இவள் தாத்தா இங்கே பிறந்து இந்தியாவுக்குப் போனவர், அவரை அங்கே இந்தியன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? பியருக்குப் போன ஊர் பேர், நமக்கு விட்டு வந்த ஊர் பேர்." சொல்லிவிட்டு லயன் இருந்த கோப்பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவர் துப்பவில்லை என்பதை நான் கவனித்தேன். மாமியாரும் கவனித்தார்.

கொழுந்தன் கேட்டது ஒரே கேள்வி: இது என்ன ருசி? கோப்பி இல்லை, கோப்பி புளிக்கும், இது புளிக்கவில்லை. சாக்லேட் என்றால் பாதிதான் சரி. தொழிலில் எனக்கு முப்பது நாற்பது சொற்கள் தெரியும், எல்லாம் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனவை. ஒன்றும் ஒட்டவில்லை. வாளிக்கு மேல் குனிந்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் முக்காலியிலிருந்து எழுந்தார். கோப்பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். உதட்டில் படவிடவில்லை.

"அடிப்பிடித்த கித்துள் பாணி" என்றார். கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாகு அது. "பாணி காய்ச்சும்போது கதை பேசிக்கொண்டு நின்றால் தாச்சியின் அடியில் இப்படித்தான் பிடிக்கும். அதைச் சுரண்டித் தின்ன நாங்கள் ஐந்து பேரும் அடித்துக்கொள்வோம்."

மறுபடியும் ஒரு வாய் எடுத்தேன். அதுதான். கருகலும் இனிப்பும் ஒரே இடத்தில், பாணியின் அந்த மர வாசனைகூட எங்கோ. குன்னூரில் என்னைப் பழக்கிய பெரியவர் இருந்திருந்தால் மாமியாரை எழுப்பி நிற்கவைத்திருப்பார். அந்த வாயை நான் துப்ப மறந்துவிட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை; வாளியை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

கொழுந்தன் போய் இரண்டு வாரத்தில் போத்தலையும் அவர் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். கறுப்புக் கண்ணாடி, நல்ல கனம், வெளிச்சம் படாது என்று தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். லேபிளைச் சுரண்டவில்லை. இன்று காலை அடுப்புக்கு முன்னால் அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு சொட்டும் விழவில்லை. கழுகின் கழுத்து வரைக்கும் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. "வெந்நீரில் கொஞ்சநேரம் நிறுத்து, பாட்டிலை" என்றார் மாமியார்.