எலும்பு சிமென்ட் சிமுலேஷன்: சி.டி. ஸ்கேன் டிஸ்க்கை வாங்கும்போதே பாருங்க

நொறுங்கிய முள்ளெலும்பைத் தாங்கிப்பிடிக்க டாக்டர்கள் ஊசி வழியாக எலும்பு சிமென்ட் செலுத்துவார்கள். எல்1 எனப்படும் முதல் இடுப்பு முள்ளெலும்புக்குள் அதைச் செலுத்தும் கம்ப்யூட்டர் சிமுலேஷன் ஒருவழியாக ஓடி முடிந்தது. மூன்று வாரம் வீணானதற்குக் காரணம் சாஃப்ட்வேர் இல்லை, ஸ்கேன் டிஸ்க்.

நெறிமுறைக் குழு அனுமதி சுலபமாகக் கிடைத்தது. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் தந்த டிஸ்க்கில் இருந்தவை 5 மி.மீ. தடிமன் படங்கள். எல்1 உயரமே சுமார் 25 மி.மீ.தான், ஐந்து படத்தில் ஒரு எலும்பு! அந்த எலும்பின் பின்சுவர் நடுவில் சிரை வெளியேறும் துளை ஒன்று உண்டு. அது தடித்த படங்களில் கரைந்து, மாடலில் சுவர் அடைபட்டுவிட்டது. மஜ்ஜை வெளியேற வழியில்லாமல் அழுத்தம் எகிறி, கணக்குப் போடும் சால்வர் நின்றது. சரியென்று வெளிச்சுவர் முழுவதையும் திறந்துவிட்டால், சிமென்ட் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாகப் பரவியது. பார்க்க அழகு, ஆனால் தப்பு. தண்டுவடப் பக்கம் சிமென்ட் கசிகிற முக்கிய வழியே அந்தத் துளைதான்.

திருமங்கலத்திலிருந்து மறுபடி பஸ் ஏறிப் போனால், "மெல்லிசு டேட்டா மெஷின்ல கொஞ்ச நாள்தான் சார் இருக்கும், அழிச்சாச்சு" என்றார்கள். வேறொரு ஸ்கேனுக்குக் காத்திருந்து, எடுத்த அன்றைக்கே 1 மி.மீ. தடிமனில் டைகாம் (ஸ்கேன் மெஷினின் மூலப் பட வடிவம்) ஃபைல்களைக் கேட்டு வாங்கினேன். கவுன்ட்டரிலேயே லேப்டாப்பில் திறந்து பாருங்கள். ஜேபெக் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கும் 3டி ஸ்லைசர் தரும் எஸ்டிஎல் (முப்பரிமாண வடிவ ஃபைல்) மில்லிமீட்டரில் இருக்கும், திரவ ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் அதை மீட்டராக எடுத்துக்கொள்ளும். 0.001-ஆல் பெருக்காவிட்டால் முள்ளெலும்பு வீட்டைவிடப் பெரிசாகிவிடும். எலும்பின் உட்புகு திறன் (திரவத்தை எவ்வளவு சுலபமாக உள்ளே விடும் என்பது) 10⁻⁹ சதுர மீட்டர் என்றால், ஓப்பன்ஃபோமில் டார்சி கெழுவாக, அதாவது ஓட்டத்துக்கான தடையாகப் போட வேண்டியது அதன் தலைகீழ், 10⁹.

ஊசியில் நிறையப் பேர் சறுக்குவார்கள். 13 கேஜ் என்பது வெளிவிட்டம், 2.4 மி.மீ. சாதாரணச் சுவருள்ள ஊசியில் உள்விட்டம் 1.8 மி.மீ.தான். அழுத்தம் விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகப் போவதால், வெளிவிட்டத்தைப் போட்டால் தேவையான அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் காட்டும்.

சிமென்ட்டின் பாகுநிலையை (எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை) மாறாத எண்ணாக வைக்காதீர்கள். கலந்த நிமிடத்திலிருந்து சிமென்ட் இறுகிக்கொண்டே போகும். டாக்டர்கள் பற்பசைப் பதம் வரும்வரை காத்திருப்பது கசிவுக்குப் பயந்துதான். சூட்டில் இன்னும் சீக்கிரம் இறுகும். மே மாத மதுரையில் ஏசி இல்லாத லேபில் அளந்த எண் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒத்துவராது.

கரண்ட் போகும், அதனால் இடைக்கோப்புகளை அடிக்கடி சேமியுங்கள்.

புது மாடலில் சிமென்ட்டின் ஒரு நாக்கு நேராக அந்தத் துளையை நோக்கி நீண்டது. ஊசி முனையை 4 மி.மீ. முன்னால் தள்ளியதும், அதே அளவு சிமென்ட் செலுத்தியும் அது பின்சுவரைத் தொடவில்லை.