வெளுத்தால் வெளுக்கட்டும்

சாரத்தைப் பிரித்து இறக்கிய மாலையில், நூலகச் சுவரோவியத்துக்காக நாங்கள் நடத்திய நான்கு பட்டறைகளுக்கும் தவறாமல் வந்திருந்த மாணவி ஒருத்தி, முழுச் சுவரையும் முதன்முறையாக ஒருசேரப் பார்த்துவிட்டு, "இது நாங்க கேட்ட கலர் இல்லையே, மேடம்" என்றாள். "அந்தக் கலர் வெயில்ல நிக்காதும்மா, ஒரு வருஷத்துல வெளுத்துடும்" என்றேன். "வெளுத்தா வெளுக்கட்டுமே. நாங்களே வந்து மறுபடி அடிச்சிருப்போமே" என்றாள். அதற்கு நான், "மறுபடி சாரம் கட்டணும், அதுக்கெல்லாம் செலவு இருக்கு" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதைச் சாக்காக வைத்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் சொன்னவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இருந்தும் அந்த இரண்டு நிமிட உரையாடலில் என் பங்கை எத்தனையோ முறை மனத்துக்குள் மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன்.

அவள் கேட்ட நிறம் ஹைலைட்டர் பேனாவின் ஒளிரும் இளஞ்சிவப்பு. இரண்டாம் பட்டறையில், சுவரில் என்ன இருக்க வேண்டும் என்ற பேச்சு மரம், பறவை, திறந்த புத்தகம் என்று வழக்கமான தடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "புத்தகத்துல கோடு போடக் கூடாதுன்னு திட்டுறீங்கல்ல, சுவத்துல போட்டா திட்ட மாட்டீங்கல்ல?" என்று கேட்டது. அறை முழுவதும் சிரித்தது. அந்தக் குறும்பிலிருந்துதான் வடிவமே பிறந்தது: சுவரின் ஒரு முனையில் எழுத்துகளின் மேல் இழுக்கப்பட்ட ஒரு ஹைலைட்டர் கோடு, போகப் போகப் படிக்கட்டாகவும் கிளையாகவும் யாரோ ஒருவர் படுத்துப் படிக்கும் கட்டிலாகவும் மாறி மறு முனையில் வானத்துக்குள் போய்விடும். ஓவியர் மூன்று வரைவுகள் கொண்டுவந்தார். வந்திருந்தவர்கள் கைதூக்கித் தேர்ந்தெடுத்தது இதைத்தான். பெரியவர்களும் இதற்கே கைதூக்கினார்கள் என்பதை நான் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிறகு அதைச் 'சிறுவர்களின் ஆசை' என்று சுருக்கிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி.

நிறத்தில் சிக்கல் வரும் என்று ஓவியர் முதலிலேயே எச்சரித்தார். ஒளிரும் வண்ணங்களின் பளபளப்பு சாயங்களிலிருந்து வருவது. புற ஊதாக் கதிர் அந்தச் சாயத்தைச் சிதைத்துவிடும். மேலே பாதுகாப்பு வார்னிஷ் பூசினாலும் வெளுப்பது தள்ளிப்போகுமே தவிர நிற்காது. அவர் ஓர் அட்டைத் துண்டில் அந்த வண்ணத்தைப் பூசி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, ஆறு வாரம் மொட்டைமாடி வெயிலில் வைத்திருந்து எடுத்துவந்தார். மூடிய பாதி கண்ணைப் பறித்தது. மூடாத பாதி, பல முறை துவைத்த துணியைப் போலிருந்தது. எங்கள் சுவரோ மேற்கு பார்த்தது, பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்குவது.

அதன்பின் ஓவியர், கட்டடப் பொறியாளர், நான் என மூவர் உட்கார்ந்து பேசினோம். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்திருப்பதைப் பொறியாளர் காட்டினார். உள்ளே ஈரம் இருக்கும் சுவரில் வழக்கமான அக்ரிலிக் வண்ணம் பூசினால் அந்தப் படலம் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, பிறகு கொப்பளித்து உரிந்துவிடும். மாற்றாக வந்ததுதான் சிலிக்கேட் வண்ணம். ஜெர்மனியில் அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878இல் காப்புரிமை பெற்ற முறை அது; வண்ணம் மேலே தோலாக ஒட்டிக்கொள்ளாமல் சுவர்ப்பூச்சோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும், ஈரமும் ஆவியாக வெளியேற வழி இருக்கும். ஆனால் காரத்தன்மை மிகுந்த அந்தக் கலவையில் கனிம நிறமிகள் மட்டுமே தாங்கும். ஒளிரும் இளஞ்சிவப்புக்கு அதில் இடமே இல்லை. கிடைத்தவற்றுள் நெருக்கமானது இரும்பு ஆக்சைடு தரும் செங்கல் சிவப்பு. "வடிவம் அப்படியேதான் இருக்கும்" என்றார் ஓவியர், சற்றுத் தயக்கத்தோடு. நான் ஒப்புக்கொண்டேன். பட்டறைக்கு வந்தவர்களை மீண்டும் அழைத்துக் கேட்க வேண்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டார். இது தொழில்நுட்ப முடிவு என்றேன் நான்.

வடிவம் அப்படியேதான் இருந்தது. ஆனால் செங்கல் சிவப்பில் அது ஹைலைட்டர் கோடாக இல்லை, பாதையாகிவிட்டது. இன்று பார்க்க வருகிறவர்கள் அதைச் செம்மண் பாதை என்கிறார்கள், அறிவை நோக்கிச் செல்லும் பாதை என்று எனக்கே விளக்கமும் சொல்கிறார்கள், அழகாக இருக்கிறது என்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. நூலகரைச் சீண்டிய அந்தக் குறும்பு மட்டும் சுவரில் இல்லை, அது இருந்ததென்று தெரிந்தவர்களும் மிகச் சிலரே.

இந்த இடத்தில் என் தரப்பைச் சொல்லாமல் போவது எனக்கே நான் செய்யும் அநீதி. வெளுத்துப்போன சுவரோவியத்தை யாரும் 'மக்கள் தேர்ந்தெடுத்த நிறம்' என்று கனிவோடு பார்ப்பதில்லை. பராமரிப்பற்ற கட்டடம் என்றே பார்க்கிறார்கள், அடுத்த முறை நிதி கேட்கும்போது அதையே எடுத்துக்காட்டுகிறார்கள். பொதுப் பணத்தில் செய்யும் வேலை ஒரே ஆண்டில் மங்கினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான், அந்த மாணவி அல்லள். இவற்றோடு ஈரக்கசிவு ஒன்றே போதுமான காரணம். யார் கேட்டாலும் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் சொல்கிறேன். ஆனால் கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால், ஈரக்கசிவைச் சரிசெய்ய வடிகாலைத் திருத்திப் பூச்சை மாற்றும் வழியும் அன்று பேசப்பட்டிருக்கிறது. நான் அவளிடம் வெயிலைச் சொன்னேன், செலவைச் சொன்னேன், ஈரத்தைச் சொல்லவே இல்லை. முடிவெடுத்தபோது அது என் மனத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று என்னிடம் இல்லை.

ஒப்பந்த வரைவில் 'எதிர்பார்க்கப்படும் ஆயுள்' என்று ஒரு வெற்றிடம் இருந்தது. ஓவியர் அதை நிரப்பாமல் அனுப்பியிருந்தார். ஒரு மாலை, மற்றக் கோப்புகளோடு அதையும் முடித்துவிடும் அவசரத்தில், 15 ஆண்டுகள் என்று எழுதினேன். அந்த எண்ணை யாரும் கேட்கவில்லை, எங்கும் பேசப்படவும் இல்லை. அதை எழுதிய கணத்திலேயே நிறமும் முடிவாகிவிட்டது. நான்கு பட்டறைகளில் எத்தனையோ கேள்விகள் கேட்டோம்: என்ன வரையலாம், யாரை வரையலாம், எந்த மூலையில் தொடங்கலாம். எத்தனை ஆண்டுகள் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. நிரந்தரம் என்பதை எல்லோரும் விரும்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கைகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஃபிலடெல்ஃபியாவில் 1984இல் சுவர்க்கிறுக்கலைத் தடுக்கும் முயற்சியாகத் தொடங்கிய திட்டம் பின்னாளில் பெரிய சுவரோவிய இயக்கமாக வளர்ந்தது. அங்கே மெல்லிய துணித் துண்டுகளில் எண்ணிட்டுக் கொடுத்து, அறைக்குள் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் வண்ணம் தீட்டி, பிறகு சுவரில் ஒட்டும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. எங்கள் ஓவியரும் முதலில் அதையே திட்டமிட்டிருந்தார். சிலிக்கேட் என்று முடிவானதும் துணிக்கு வேலையில்லை, அது நேரே சுவரில்தான் ஏற வேண்டும். கண்ணில் தெறித்தால் காயப்படுத்தும், கண்ணாடியில் பட்டால் அரித்துவிடும் என்பதால் ஜன்னல்களையெல்லாம் மூடிவைத்தோம், பிள்ளைகளைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தினோம். அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீடிக்க வேண்டும் என்ற ஒரே விருப்பம் முதலில் நிறத்தையும் பிறகு தூரிகையையும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சொல்லப்போனால் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கச்சிதமாகச் செய்தோம் என்று பெருமைப்பட்டேன்.

"நாங்களே வந்து மறுபடி அடிச்சிருப்போமே" என்பதைப் பிள்ளைப் பேச்சாக எடுத்துக்கொண்டதுதான் என் பிழை என்று சில நாள் தோன்றுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஓவியர் ஜூடி பாக்கா தலைமையில் 1976 முதல் பல கோடைகளில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வெள்ள வாய்க்காலின் சுவரில் வரைந்த நெடிய ஓவியம் வெயிலிலும் நீரிலும் மங்கியது. 2011இல் அதை மீட்டுப் புதுப்பித்தார்கள். மறுபடி அடிப்பது என்பது நடக்கக்கூடிய காரியம், பல இடங்களில் நடந்திருக்கிற காரியம். இதைப் பிறகுதான் படித்தேன். வேறு சில நாள், அவள் பள்ளி முடித்து வேறெங்கோ போயிருப்பாள், வெளுத்த சுவர் மட்டும் என்னோடு இருந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. இரண்டில் எது நடந்திருக்கும் என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை அந்த 15 என்ற எண் எடுத்துவிட்டது.

படைப்பைச் சிதைப்பதையோ திரிப்பதையோ எதிர்க்கும் தார்மீக உரிமை படைப்பாளருக்கு உண்டு என்பதை 1928லேயே பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஒப்பந்தத்திலும் அதற்கென ஒரு பிரிவு இருக்கிறது: ஓவியரைக் கேட்காமல் ஒரு கோட்டைக்கூட நாங்கள் மாற்ற முடியாது. கோட்டையும் நிறத்தையும் தந்தவர்களைக் கேட்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை, அப்படியொன்றைச் சேர்க்கும் யோசனையும் எனக்கு வரவில்லை. இன்றும் அதை எப்படி வாசகப்படுத்துவது என்று தெரியவில்லை. பட்டறைக்கு வந்த அத்தனை பேரிடமும் கையெழுத்தா?

அன்று அருகில் நின்ற என் உடன்பணியாளர், அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், நீங்கள்தான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள் என்கிறார். இருக்கலாம். எனக்கு அவள் முகம் சுவரின் பக்கம் திரும்பியிருந்ததாகத்தான் நினைவு. வெயிலில் வைத்து எடுத்த அந்த அட்டைத் துண்டு அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது, எடுத்துவந்து காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாளா, வெளுத்த பாதியும் நன்றாகத்தான் இருக்கிறது என்றிருப்பாளா என்று தெரியாது. அவள் இன்னும் நூலகத்துக்கு வருகிறாள். புத்தகம் மாற்றிக்கொண்டு போகிறாள். நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஆண்டுக்கொரு முறை சுவரைப் பார்வையிட்டுப் படிவம் நிரப்ப வேண்டும் என்பது பராமரிப்பு விதி. விரிசல், உப்பு, உரிதல், நிறமாற்றம் என்று நான்கு கட்டங்கள். மூன்றாண்டுகளாக நான்கிலும் 'இல்லை' என்றே எழுதிக் கையெழுத்திட்டு வருகிறேன்.