பந்தல் என்கிற சொல்லும் வாசல் பந்தலும்

வாசலில் நிழலுக்குப் போடுவது பந்தல். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணம் நடந்தது 'பந்தர்'க் கீழ். சாம்பல் சாம்பர் ஆவதுபோல இறுதி எழுத்து மாறிய அதே சொல்தான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், கொல்கத்தா துர்கா பூஜையில் 'பேண்டல்' ஆகி நிற்கிறது. எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள்!

அவரைக்கொடி படர்வதும் பந்தல். கோடையில் மோர் ஊற்றும் இடம் தண்ணீர்ப்பந்தல். "பந்தக்கால் நட்டாச்சு" என்றால் கல்யாண வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். சாமியானா வேறு, அது துணி.

கீற்றுப் பந்தல் போடுகிறவர்கள் கவனிக்க: சவுக்குக் கால் 2 அடி ஆழம் இறங்கட்டும். குழியில் வெறும் மணலை அள்ளிப் போடாதீர்கள், செங்கல் துண்டு போட்டு இடியுங்கள். சரிவு தெருப்பக்கம் இருக்க வேண்டும். வெயிலுக்கு 10 அடிக்கு 1 அடி இறக்கம் போதும், ஐப்பசி கல்யாணமென்றால் 3 அடியாவது வேண்டும். கீற்றைத் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி மேலே ஏறியபடி வேயுங்கள். மேல்வரிசை கீழ்வரிசையில் பாதியை மூடணும். மேலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் உள்ளே வரும்.

கீற்றுக்கு மேல் தார்ப்பாய் விரித்தால் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த இடத்தில் 4க்கு 4 அடி பரப்பில் 3 அங்குலம் மழைநீர் தேங்கினாலே 110 கிலோ பாரம். மூங்கில் முறிவது பெரும்பாலும் இப்படித்தான்.

சமையல் அடுப்பைக் கீற்றுக்குக் கீழே வைக்கவே வைக்காதீர்கள். அங்கே தகரம் போடுங்கள்.