பேச்சு வராதவரிடம் பேசுவது

பக்கவாதம் வந்து படுத்திருப்பவரின் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் அவரை விட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். "இனிமே எழுந்திருப்பாரா சிஸ்டர்?" என்று அவர் தலைக்கு மேலேயே கேட்பார்கள். சொத்துப் பத்திரம், பங்கு எல்லாம் அங்கேயே பேசப்படும். பொது மருத்துவ வார்டில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் வலது கை, காலோடு பேச்சும் போவதுண்டு. ஆனால் அப்படிப் பேச்சு போனவர்களில் பலருக்கு நாம் சொல்வது புரியும். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஒலி மட்டுமே வாயில் வரும். மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் விளங்கியது. அவர் இருபது வருடங்களுக்கும் மேல் மருத்துவமனையிலேயே இருந்தவர். பாடப் புத்தகத்தில் புரோக்காவின் பெயர் இருக்கிறது. அத்தனை வருடம் அந்த மனிதருக்குச் சோறு ஊட்டி, உடம்பு துடைத்துவிட்டவர்கள் யார் என்றுதான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

மூட்டை தூக்கும் வேலை பார்த்த ஒரு பெரியவர் எங்கள் வார்டில் இருந்தார். ஒரு நாள் ராத்திரி இடது கையால் எல்லோரையும் தள்ளிக்கொண்டே இருந்தார். முரண்டு பிடிக்கிறார், கையைக் கட்டிவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, நான் கேட்கிறது சரின்னா என் கையை அமுக்குங்க" என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டேன். பசியா? தலைவலியா? குளிருதா? ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகக் காத்திருக்க வேண்டும். வார்டு நிறைய ஆட்கள் இருக்கும்போது அதுதான் கஷ்டம். "அடிவயிறா?" என்றதும் கையை இறுக்கிப் பிடித்தார். யூரின் ட்யூப் தொடைக்கு அடியில் மடங்கி, மூத்திரம் இறங்காமல் வயிறு கல்லாக இருந்தது. நேராக்கியதும் பை நிறையத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். கட்டிப்போட்டிருந்தால் விடிய விடிய அந்த வலியோடுதான் கிடந்திருப்பார்.

அவர் மனைவி இளநீரை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். "நாக்கு வறண்டு கிடக்கும்மா, பாக்க முடியல." விழுங்கும் திறன் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். அதற்காக அந்த அம்மாவை அதட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாகம் உண்மைதானே. ஈரத் துணியைப் பிழிந்து வாயை எப்படித் துடைப்பது, உதட்டில் எண்ணெய் எப்படித் தடவுவது என்று காட்டினேன். அப்புறம் அந்த வேலையை வேறு யாருக்கும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

தொடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதை நான் விடாமல் கடைப்பிடித்தேன். "ஐயா, இப்போ இடது பக்கம் திருப்பப் போறேன்." படுக்கைப்புண் வராமல் இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புவோம். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். திடீரென்று யாரோ வந்து உருட்டினால் நாமாக இருந்தாலும் பதறத்தான் செய்வோம். விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கவும் கூடாது. பலமில்லாத தோள்மூட்டு நழுவிவிடும்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு மகனை நிற்க வைத்துச் சட்டை போடக் கற்றுக்கொடுத்தேன். போடும்போது முதலில் விழுந்த கை, கழற்றும்போது முதலில் நல்ல கை. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் வந்த பிறகு இயன்முறை சிகிச்சையை வீட்டிலேயே கேட்டுப் பெறலாம் என்பதால், ஊர் துணை சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளச் சொன்னேன். மகன் சட்டையைக் கையில் எடுத்து என்னைப் பார்த்து, "அப்பாவுக்கு இந்தக் கைதானே சிஸ்டர் முதல்ல?" என்றான். "அப்பாகிட்டயே கேளு தம்பி" என்றேன்.