தோண்டாமல் மீளும் உறிஞ்சுநிலம்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

6 அக்டோபர் 2024, ஞாயிறு

வேலியோரத்தில் ஒரு கீற்றுப் புல் மட்டும் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கிறது. மிதித்தால் செருப்பு புதைகிறது, அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது. குளியலறைக் குழியிலும் இரண்டு வாரமாகக் களகளவென்று சத்தம். செப்டிக் தொட்டியிலிருந்து வெளியேறும் நீர், சரளைக்கல் நிரப்பிய இரு நீண்ட பள்ளங்களில் கிடக்கும் துளைக்குழாய்கள் வழியாக மண்ணில் ஊறிப்போகும்படி முன்னாள் உரிமையாளர் அமைத்திருந்தார். உறிஞ்சுநிலம் என்பது இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பழைய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற நிலம் இது. பொதுக் கழிவுநீர்க் குழாய் எட்டாத தொலைவில் வீடு இருப்பதால் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

வந்து பார்த்த கட்டுமானக் குத்தகையாளர், "சார், எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டுப் புதுசாப் போடணும், பன்னீராயிரம் வெள்ளி ஆகும்" என்றார். தொட்டியின் மூடியைத் திறந்துகூடப் பாராமல் சொல்லப்படும் வைத்தியத்தை நான் ஏற்பதாக இல்லை. அதுவும் இந்த மழைக்காலத்தில் ஈரக் களிமண்ணை இயந்திர வாளியால் சுரண்டினால், பள்ளத்தின் சுவர் சாணமிட்டு மெழுகிய தரைபோல் இறுகிவிடும். புதிய பள்ளமும் பழையதைப் போலவே நீரை வாங்க மறுக்கும்.

10 அக்டோபர், வியாழன்

சேறு உறிஞ்சும் லாரி இன்று வந்தது. மூடியைத் தூக்கியதும், மேலே மிதந்த கொழுப்பு ஏடு ஒரு சாணுக்கு மேல் தடித்து, கறிக்குழம்பின் மஞ்சள் நிறம் படிந்து கிடந்தது தெரிந்தது. நீர் வெளியேறும் வாயில் 'டி' வடிவக் குழாய் ஒன்று இருக்க வேண்டும். அதன் கீழ்க்கால்தான் மேலேயுள்ள ஏட்டையும் அடியிலுள்ள சேற்றையும் விலக்கி, நடுவிலுள்ள தெளிந்த நீரை மட்டும் வெளியே விடும். இங்கே அந்தக் கீழ்க்கால் ஒடிந்து தொட்டிக்குள் விழுந்து கிடந்தது. எத்தனை காலமாகக் கொழுப்பும் சேறும் நேரே பள்ளங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனவோ!

புதிய 'டி' குழாயைப் பொருத்தி, அதனுள் துவாரமிட்ட வடிகட்டி ஒன்றையும் இறக்கச் சொன்னேன். வேலை முழுவதும் மேலிருந்தே நடந்தது. தொட்டிக்குள் தலையை நீட்டவும் கூடாது. அதில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, மூக்கு எச்சரிப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சேற்றை எடுக்கும்படி, கழிவுநீர்ச் சேவை நடத்தும் இண்டா வாட்டர் நிறுவனம் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு அன்று என்பதற்கு அந்த ஏடே சாட்சி.

19 அக்டோபர், சனி

தொட்டி சரியானாலும் நிலம் இன்னும் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. ஆகவே உள்ளே போகும் நீரைக் கணக்கெடுத்தேன். நம் நாட்டில் ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கும் மேல் செலவழிக்கிறார். எங்கள் நால்வருக்கு 800 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். கழிவறைத் தண்ணீர்ப் பெட்டியில் துணிக்கு இடும் நீலத்தைக் கரைத்துவிட்டுக் காத்திருந்தபோது, யாரும் இழுக்காமலே கிண்ணத்தில் நீலக்கோடு வழிந்தது. ரப்பர் மூடியை மாற்ற ஒரு சிறு தொகையே ஆயிற்று.

ஆனால் பெரிய குற்றவாளி கூரை. தகரக் கூரையின் மழைநீர்க் குழாய் சரியாக உறிஞ்சுநிலத்தின் தலைமாட்டில் கொட்டுகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் இறங்கும். பேராக்கின் அக்டோபர் மாலை மழை ஒன்றே அந்த அளவைக் கொட்டிவிட்டுப் போகக்கூடியது. ஒரு குடும்பத்தின் ஆறு நாள் கழிவுநீர் ஓர் அந்தியில் சேர்ந்தால் எந்த மண்தான் தாங்கும்? குழாயை நீட்டி வீட்டின் மறுபக்கச் சரிவில் விட்டாயிற்று.

3 நவம்பர், ஞாயிறு

தீபாவளி முடிந்தது. வீடு நிறைய விருந்தினர் இருந்தமையால் நிலத்தில் நீர் மீண்டும் ஏறியிருக்கும் என்பது, நீர்மட்டம் அறியப் பள்ளத்தில் நட்டிருக்கும் பார்வைக் குழாயில் குச்சி விட்டுப் பார்க்குமுன்னரே தெரிந்தது. முறுக்குச் சட்டி எண்ணெயைத் தொட்டிக்கு அனுப்பாமல் போத்தலில் அடைத்து வைத்தது மட்டும் ஆறுதல்.

வந்தவர்களில் ஒருவர் ஈஸ்ட் தூள் கரைத்து ஊற்றச் சொன்னார். மற்றொருவர் ஹைட்ரஜன் பெராக்சைடு என்றார். தொட்டியில் நுண்ணுயிர்களுக்குப் பஞ்சமே இல்லை. நாம் தினமும் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறோம். பெராக்சைடு முறையை 1970களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆராய்ந்து பயன்படுத்தினார்கள். அது மண்ணின் கட்டமைப்பையே குலைத்து, நீர் இறங்கும் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்பது பின்னர் தெரியவந்தது. ஏற்கெனவே களிப்பான இந்தச் செம்மண்ணில் அதைச் சோதிக்கும் துணிவு எனக்கு இல்லை.

1 டிசம்பர், ஞாயிறு

தொட்டி நீரை இரு பள்ளங்களுக்கும் பங்கிடும் பிரிப்புப் பெட்டியைத் திறந்து, முதல் பள்ளத்துக்குப் போகும் வாயை அடைத்தேன். சரளையும் மண்ணும் சந்திக்கும் இடத்தில், காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் தம் பசையைக் கொண்டு வழவழப்பான கறுத்த படலம் ஒன்றை அமைத்துவிடுகின்றன. மண்ணிலுள்ள இரும்பு சல்பைடாக மாறுவதால் வரும் கறுப்பு அது. மெல்லியதாக இருக்கும்வரை அப்படலம் நோய்க்கிருமிகளை வடித்து நன்மையே செய்கிறது. நீரும் கொழுப்பும் ஓயாமல் வந்து அது தடிக்கும்போதுதான் பள்ளம் அடைபடுகிறது. வரவை நிறுத்தினால் நீர் வடிந்து, சரளைக்கிடையே காற்றுப் புகும். காற்றில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் அந்தப் படலத்தைத் தின்றுவிடும். இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

ஒரு பள்ளம் ஓய்ந்தால் மற்றது இரட்டைச் சுமை தாங்க வேண்டும். கூரைநீரையும் ஒழுகலையும் முன்னதாகவே நிறுத்தியது இதற்காகத்தான். துணி துவைப்பதை வாரம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும்படி வீட்டில் சொல்லியிருக்கிறேன், முணுமுணுப்பு உண்டு. பேரனின் காரையும் அப்பக்கம் ஏற்றக்கூடாது, சக்கரம் அழுத்திய மண்ணில் காற்றுக்கு இடமிராது.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

தைப்பூசக் கூட்டம் வந்து போன பிறகும் வேலியோரம் கால் புதையவில்லை, நாற்றமும் இல்லை. ஓய்விலுள்ள பள்ளத்தின் பார்வைக் குழாயில் விட்ட குச்சி உலர்ந்தே வந்தது. அதன் நுனியில் ஒட்டிய மண் கறுப்பு நீங்கிப் பழுப்பாக இருந்தது. உழைக்கும் பள்ளத்தில் காலையில் நான்கு விரற்கடை நீர் நிற்கிறது, மாலைக்குள் இறங்கிவிடுகிறது. அதன் கடைக்கோடி மட்டும் மந்தமாகவே இருக்கிறது. அது முழுமையாக மீளும் என்று நான் நம்பவில்லை.

ஜூன் மாதத்தில் அடைப்பை மாற்றிப் போட்டு இரண்டாவது பள்ளத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அதற்குமுன் வடிகட்டியை எடுத்துக் கழுவ வேண்டும். கழுவும் நீர் தொட்டியின் உள்வாய்ப் பக்கமே விழ வேண்டும், புல்லின்மேல் அன்று.